பதினொரு பேர் வந்த மாலை

கொழும்பு வெள்ளவத்தையில் யூதராக இருப்பது மிகச் சுலபம். ஒருவர் கண்ணிலும் பட மாட்டீர்கள். எங்கள் அம்மா இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை பொழுதுபடுவதற்கு முன், ஒரு கண்ணாடிக் கிளாசில் பாதிக்குத் தண்ணீரும் மேலே தேங்காய் எண்ணெயும் ஊற்றித் திரி போட்டு விளக்கேற்றுவார். எங்கள் தொடர்மாடியில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றாத வீடு எது? ஆட்டிறைச்சியை முஸ்லிம் கடையில் மட்டுமே வாங்குவார். இந்தப் பக்கத்தில் பாதிச் சனம் அங்கேதான் வாங்குகிறது. பன்றி வீட்டுக்குள் வராது. எங்கள் தமிழ் ஆட்களிலேயே அதைத் தொடாதவர்கள் எத்தனையோ பேர். ஒளிக்க வேண்டும் என்று அம்மா ஒன்றையும் ஒளிக்கவில்லை. இருந்தும் ஒன்றுமே வெளியே தெரியவில்லை.

அம்மா கொச்சிக்காரி. அங்கே பல நூறு வருடம் வாழ்ந்த யூதர்களில் ஏறக்குறைய எல்லோரும் அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோதே, யூதருக்கென்று உண்டான நாட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்கள். போகாமல் எஞ்சிய ஒரு சில குடும்பங்களில் அம்மாவுடையதும் ஒன்று. யுத்த காலத்தில் கணக்கியல் படிக்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போன அப்பா, அங்கே ஒரு கம்பனியில் தட்டச்சு வேலையில் இருந்த அம்மாவைக் கண்டு, இரண்டு வீட்டாரையும் பகைத்துக்கொண்டு, பதிவுத் திருமணம் செய்து கொழும்புக்குக் கூட்டிவந்தார். எங்கள் வீட்டு ஒழுங்கையில் அம்மாவுக்குப் பெயர் 'மலையாளத்து அன்ரி'. கேரளா, கோயிலுக்கு வருவதில்லை, ஆகவே கிறிஸ்தவம் என்று சனம் தானாக முடிவெடுத்தது. அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

என்னிடம் மட்டும் ஒரு தரம் தெளிவாகச் சொன்னார். "தாய் எதுவோ பிள்ளையும் அது, மோளே. இதில வாதம் இல்லை." மகளே என்பது அவர் வாயில் கடைசிவரை மோளேதான்.

எங்களைக் காட்டிக்கொடுத்தது நண்டு மட்டுமே. நண்டும் இறாலும் யூதருக்கு ஆகாது. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வீட்டில் நண்டும் இறாலும் இல்லாமல் ஒரு சந்தோசம் நடந்து முடியுமா? கிருலப்பனையில் இருக்கிற மாமி, அப்பாவின் அக்கா, இறால் போட்டுக் கூழ் காய்ச்சும் நாளில் அம்மா எனக்கு முன்கூட்டியே சோறு தீத்தி அனுப்புவார். "பிள்ளைக்கு இறால் ஒவ்வாது, உடம்பெல்லாம் தடிக்கும்" என்பதுதான் நாங்கள் சொன்ன சாட்டு. பள்ளிக்கூடத்தில் சொன்னேன், பிறகு வேலையிடத்தில் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே கை சொறியத் தொடங்கியது. மற்ற ஊர்களில் யூதப் பிள்ளைகள் தங்கள் அடையாளத்தைப் பாட்டாகவும் பண்டிகையாகவும் காட்டியிருக்கலாம். நான் அதை இல்லாத ஒரு வியாதியாக வைத்திருந்தேன்.

எனக்குப் பதினேழு வயதில் அம்மாவுக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம், தான் செத்தால் என்ன செய்ய வேண்டும் என்று மாவு அரைக்கச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போனார். எரிக்கக் கூடாது, மண்ணில் தாழ்க்க வேண்டும். வருடா வருடம் அந்த நாளில் ஒரு விளக்கு, ஒரு முழு நாள் அணையாமல். அதோடு 'கதிஷ்' என்று ஒரு பிரார்த்தனை, இறந்தவருக்காகப் பிள்ளை சொல்வது. அதைச் சொல்ல யூதர் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் சொல்லக் கூடாது. அங்கே வந்ததும் அம்மா நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அது நடக்காது, விடு. எனக்குப் பத்துப் பேர் எங்க?"

அந்தச் சிரிப்பை என்னால் விட முடியவில்லை. அம்மா இறந்த பிறகு வந்த ஒன்பது வருடமும் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்குப் பத்துப் பேர்.

அப்பா தன் பங்கைச் செய்தார். சைவக்காரன் மனைவியைக் கனத்தை மயானத்தில் தாட்டது சொந்தத்துக்குள் பெரிய வழக்காகப் போனது. "எரிக்காமல் மண்ணுக்குள்ள போட்டிட்டானே, அந்த மனிசி எப்பிடிக் கரைசேரும்?" என்று மாமி செத்த வீட்டிலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டார்.  விளக்குக்கான நாளையும் அப்பா தனக்குத் தெரிந்த வழியில் கண்டுபிடித்தார். பஞ்சாங்கத்தை எடுத்து, அம்மா இறந்த மாதமும் திதியும் பார்த்துக் குறித்துவைத்தார். வருடா வருடம் அந்தத் திதியில் வீட்டில் சைவச் சாப்பாடு. சாமிப் படத்தட்டில் வைக்காமல், யன்னலோரம் ஒரு முக்காலியில் கண்ணாடிக் கிளாஸ் விளக்கு. பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது தண்ணீர் நடுங்கும், திரி நடுங்கும், அப்பா கையால் அணைகட்டிக்கொண்டு நிற்பார்.

வேலைக்குப் போய் முதற் சம்பளம் எடுத்ததும் எனக்கு ஒரு வேகம் வந்தது. இனி மறைந்திருக்க மாட்டேன், நாலு பேர் பார்க்கட்டும் என்று, ஆறு முனை நட்சத்திரம் ஒன்று செய்விக்க, நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவுக்குப் போனேன். உலகம் முழுக்க யூதர் கழுத்தில் போடுகிற நட்சத்திரம். தட்டார் என் கைத்தொலைபேசியில் இருந்த படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மகிழ்ந்து போனார்.

"முருகன்ர சக்கரம். நல்லது பிள்ளை, இந்த வயசில ஆர் இதெல்லாம் போடினம்? நடுவில ஓம் வைச்சுத் தாறன்."

"ஓம் வேண்டாம். வெறுமனே போதும்."

"வெறுமனே எண்டால் வெறிச்செண்டு கிடக்கும். அப்ப ஒரு வேலாவது வைப்பமே?"

வேலும் வேண்டாம் என்று வாதாடி வாங்கிப் போட்டேன். ஒருவரும் திடுக்கிடவில்லை. மாமி என்னைக் கட்டியணைத்து, தாய் எப்படிப் போனாலும் பிள்ளை முருகனிடம் வந்துவிட்டது என்று கண் கலங்கினார். பக்கத்து வீட்டு அன்ரி ஆடிவேல் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப்போகத் தேதி கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கழுத்தில் கட்டித் தொங்கவிட்டும் நான் தெரியவில்லை.

அந்த எரிச்சலில்தான் இணையத்தில் தேடினேன். மும்பையில் என் வயதுப் பெண் ஒருத்தி, கொங்கணக் கரை யூதர் குடும்பத்தவள், இளம் யூதர்களுக்கு ஒரு கூட்டம் நடத்தினாள். கிழமைக்கு ஒரு நாள் ஸூமில். பாதிப்பேர் இந்தியா, எங்கள் பக்கத்து ஆட்கள், மிச்சம் லண்டன், மெல்பேர்ன். ஒருவன் கையில் எபிரேய எழுத்தைப் பச்சை குத்தியிருந்தான். ஒருத்தி கோழிப் பிரியாணி செய்து அதுதான் தன் வீட்டுப் பண்டிகைச் சாப்பாடு என்று சண்டை பிடித்தாள். நான் நண்டு ஒவ்வாமைக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கதையை விளக்கம் இல்லாமல் சொல்ல முடிந்தது. கூட்டம் முடிந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஆனால் பயமும் இருந்தது. அவர்களுக்கு எபிரேயம் தெரியும், நாட்காட்டி தெரியும், பிரார்த்தனையில் எந்த இடத்தில் எழும்ப வேண்டும், எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று தெரியும். எனக்கு ஒரு கிளாஸ் விளக்கு தெரியும். லண்டன் பையன் ஒரு நாள் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "அப்படியானால் நீ வீட்டில் உண்மையில் என்னதான் அனுஷ்டிப்பாய்?" என்று கேட்டான். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்வி மாதக்கணக்கில் காதுக்குள் கிடந்தது.

பிறகு அந்த யூதர் நாட்டுக்கும் காசாவுக்கும் இடையே யுத்தம் மூண்டது. கடத்தப்பட்டவர்களின் முகங்களும், காசாவில் இடிபாட்டுக்குள்ளிருந்து தூக்கப்பட்ட பிள்ளைகளும் ஒரே கைத்தொலைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தார்கள். குண்டு விழுகிற இடத்தில் பிள்ளைகள் இருந்தால் என்னவாகும் என்று எங்கள் தமிழ்ச் சனத்துக்கு யாரும் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. அழுதேன். கீழ்மாடியில் ஒரு முஸ்லிம் அன்ரி இருக்கிறார், நோன்பு மாதம் முழுக்க எங்களுக்குக் கஞ்சி அனுப்புகிறவர். படியில் அவரைக் கண்டால் எனக்குக் கால் பின்வாங்கியது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, அவருக்கு ஒன்றும் தெரியவும் தெரியாது. முருகன் என்று ஊரே நம்பிய நட்சத்திரத்தை நானே சட்டைக்குள் போட்டு மூடினேன். எவ்வளவு மடத்தனம் பாருங்கள்.

அடுத்த வருடம் அம்மாவின் ஒன்பதாவது திவசம் வந்தபோது, மும்பைப் பெண்ணிடம் மனம் திறந்து கேட்டேன். கதிஷ் சொல்லப் பத்துப் பேர் சேர்த்துத் தர முடியுமா? அம்மாவின் ஊரில் ஆண்களைத்தான் எண்ணுவார்கள். எங்கள் கூட்டத்தில் ஆண் பெண் பார்ப்பதில்லை, திரையில் தெரிகிற முகத்தையும் கணக்கில் எடுப்பார்கள். அவள் யோசிக்கவே இல்லை. "எந்த நாள் என்று மட்டும் சொல்லு," என்றாள். அப்பாவின் பஞ்சாங்க நாளைக் கொடுத்தேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமையாக விழுந்தது. பின்னேரம் ஐந்து மணி.

அன்றைக்கு அப்பா தலை முழுகி, வேட்டி கட்டி, விளக்கேற்றி, எனக்குப் பின்னால் கதிரை போட்டு அமர்ந்தார். மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு முகம், நான்கு முகம், ஏழு முகம். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். எண்ணிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பி, "பதினொரு பேர் அப்பா," என்றேன். 

தொடங்குவதற்கு முன் மும்பைப் பெண் அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இறந்த தேதி, நேரம் கேட்டாள். மாலை ஆறே முக்கால், அன்று நன்றாக இருட்டியிருந்தது என்றேன். அவள் எதையோ தட்டிப் பார்த்தாள். பொழுது பட்டதும் யூதருக்கு அடுத்த நாள் பிறந்துவிடும், ஆகவே நாள் ஒன்று தள்ளுகிறது என்றாள். அது மட்டுமில்லை, இந்த வருடம் யூத நாட்காட்டியில் ஒரு மாதம் கூடி வந்திருக்கிறது, சரியான நாளுக்கு இன்னும் ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டு உடனே, "அது பரவாயில்லை. பத்துப் பேர் இருந்தால் எந்த நாளிலும் சொல்லலாம். இவ்வளவு பேர் இருக்கிறோமே, சொல்லிவிடுவோம்," என்றாள்.

எனக்குக் காது சூடேறியது. ஒன்பது வருடம் பிழையான நாளில் விளக்கேற்றி இருக்கிறோம், அதுவும் எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவிட்டது. லண்டன் பையனின் முகம் இடப்பக்க மூலையில் இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, பாவம். எனக்குத்தான் அவனுடைய அந்தப் பழைய கேள்வி காதில் ஒலித்தது.

"வேண்டாம்," என்றேன். "சரியான நாளில் சரியாகச் செய்வோம்."

"நிச்சயமாகவா?" என்றாள்.

"நிச்சயமாக," என்றேன். என் குரலில் இருந்த கறார் எனக்கே பிடித்திருந்தது. மற்றப் பத்துப் பேரும் தலையாட்டி, கையசைத்து, ஒவ்வொருவராக மறைந்தார்கள். அப்பா காப்புறுதிக் கம்பனியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஆங்கிலம் அவருக்கு ஒரு சொல் விடாமல் விளங்கும். எழும்பிப் போய் விளக்குத் திரியைச் சரிசெய்தார்.

"அப்ப நான் பார்த்த நாள் பிழை, என்ன?" என்று விளக்கைப் பார்த்தபடியே கேட்டார்.

"பிழை எண்டில்லை அப்பா. அவையின்ர கணக்கு வேற."

அவையின்ர என்று சொன்னேன். எங்கட என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில்கூட எனக்கு அது வரவில்லை.

சரியான நாள் ஒரு புதன்கிழமையில் வந்தது. பொழுது பட்ட பின் என்றால் எங்களுக்கு ஏழு மணி. லண்டனில் வேலை நேரம், மெல்பேர்னில் படுக்கிற நேரம். நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை, சரியான நாளைப் பற்றியே யோசித்தேன். புதிய கிளாஸ், புதிய திரி, நானே ஏற்றினேன். ஏழரைக்கு ஒன்பது பேர் இருந்தோம், என்னையும் சேர்த்து. மும்பைப் பெண் இரண்டு பேருக்கு அழைப்பு எடுத்தாள். ஒருவர் ரயிலில், ஒருவர் எடுக்கவில்லை. லண்டன் பையன் வேலையிடத்தில் ஏதோ கூட்டத்தின் நடுவே படிக்கட்டுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். அவனையும் சேர்த்துத்தான் ஒன்பது.

காத்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காத்திருப்பது திரையில் இன்னும் கஷ்டம். அப்போது அப்பா என் தோளுக்கு மேலால் குனிந்து, கமராவைப் பார்த்து, கந்தோரில் மேலதிகாரியிடம் பேசுகிற அதே மரியாதை ஆங்கிலத்தில் கேட்டார். "ஒருவர்தான் குறைகிறது என்றால், நான் இருக்கிறேன். நான் அவருடைய கணவன். என்னை எண்ண முடியுமா?"

மும்பைப் பெண் கண்ணைத் தாழ்த்தினாள். "மன்னியுங்கள் அங்கிள்," என்றாள். "எனக்கு ஆசைதான். முடியாது."

"விளங்குது, விளங்குது," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அப்பா பின்னால் போய் அமர்ந்தார்.

ஒன்பது பேர் சொல்லக்கூடிய வேறொரு பிரார்த்தனையை வாசித்தார்கள். நல்ல பிரார்த்தனைதான். ஆறுதல் சொன்னார்கள், அடுத்த வருடம் கட்டாயம் என்றார்கள். நன்றி சொல்லி மடிக்கணினியை மூடினேன், மூடிய கையோடு அதன்மேல் தலையை வைத்து அழுதேன்.

"அண்டைக்குப் பதினொரு பேர் இருந்தவை அப்பா. நான்தான் அனுப்பிப்போட்டன். நான் பெரிய ஆள் எண்டு காட்டப்போய், அம்மாவுக்கு ஒரு தரம் கிடைக்க இருந்ததையும் கெடுத்துப்போட்டன்."

அப்பா என்னைத் தேற்றவில்லை. அவருக்கு அது வராது. எழும்பி உள்ளே போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அம்மாவின் கிளினிக் கொப்பி இருந்தது. மருந்து எழுதுகிற அந்த மெல்லிய கொப்பியின் கடைசிப் பக்கங்களில், அப்பாவின் குண்டுக் கையெழுத்தில், தமிழ் எழுத்தில், எனக்குப் பொருள் தெரியாத சொற்கள் வரிவரியாக இருந்தன. முதல் வரியை வாசித்தேன். கதிஷ்.

"இது எப்பிடி அப்பா?"

"அம்மா ஆஸ்பத்திரியில சொல்லச் சொல்ல எழுதினது. அவ மூண்டு தரம் திருத்தினவ."

"என்னட்டக் காட்டேல்லையே?"

"பத்துப் பேர் கிடைச்சால் பிள்ளையிட்டக் குடுங்கோ எண்டவ. கிடைக்கேல்லைத்தானே." கொப்பியை என்னிடமிருந்து மெதுவாக வாங்கினார். "நான் ஒவ்வொரு திதிக்கும் காலமை கனத்தைக்குப் போறன்தானே. அங்க நிண்டு சொல்லுறனான்."

"தனியவோ? பத்துப் பேர் வேணுமெல்லோ அப்பா."

"ஓம், வேணும். பத்துப் பேருக்கு நான் எங்க போறது? அதால பத்துத் தரம் சொல்லுறனான்."

யூதர் இல்லை, பத்துப் பேர் இல்லை, நாளும் அதுவல்ல. இந்த ஒரு வருடத்தில் நான் படித்த எல்லாவற்றின்படியும் அப்பா செய்தது தொடக்கம் முதல் முடிவு வரை பிழை. அதை நான் சொல்லவில்லை. அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, விளக்கு முன்னால் நின்று, கொப்பியை எட்டப் பிடித்துத் தொடங்கினார். தேவாரம் படிக்கிற இழுவையில்தான் வந்தது. ஒரு தரம் முடிய ஒரு விரலை மடக்கினார்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து விரல் மடங்கி, மற்றக் கைக்கு மாறினார். ஆறாம் தரம் அவர் மூச்செடுக்க நிறுத்திய ஓரிடத்தில் என் வாயிலிருந்து 'ஆமென்' என்று வந்தது. அப்பா நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"அந்த இடத்தில மற்ற ஆக்கள் ஏதோ சொல்ல வேணும் எண்டு அம்மா சொன்னவ," என்றார். "சொல்ல ஆளில்லை எண்டு நான் அதை எழுதாமல் விட்டிட்டன்."

மிச்ச நாலு தரமும் அந்த இடத்தில் நான் 'ஆமென்' சொன்னேன்.